பட்டமா? பதரா?

(போடிநாயக்கனூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

தமிழ் இலக்கணத்தில் 'போலி' என்றொரு வழக்கு உண்டு. அறம் என்பது அறன் என்றும், மஞ்சு என்பது மைஞ்சு என்றும் வரும். அங்கே எழுத்து மாறும், பொருள் மாறாது. அதனால் இலக்கணம் அப்போலியை ஏற்றுக்கொண்டது. இன்று நாட்டில் வேறொரு போலி உலவுகின்றது. அது பட்டப் போலி. அங்கே எழுத்தில் ஒரு மாற்றமும் இராது. பல்கலைக்கழகம் என்ற பெயர் இருக்கும்; முத்திரை இருக்கும்; துணைவேந்தர் கையொப்பம் இருக்கும்; ஓரத்தில் பொன்வண்ணக் கோடும் இருக்கும். பொருள் மட்டும் இராது. இந்தப் போலியை எந்த இலக்கணமும் ஏற்காது. எந்தச் சட்டமும் ஏற்காது. வேலை கொடுப்போரும் ஏற்கமாட்டார். ஏற்றுக்கொண்டு ஏமாறுவோர் நம் மக்களே.

போடிநாயக்கனூரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இவ்வூரில் இரண்டு ஏலம் உண்டு. ஒன்று மலையில் விளையும் ஏலம், மணமுள்ள தமிழ்ச்சொல். மற்றொன்று கூவி விற்கும் ஏலம். போர்த்துகீசியரிடமிருந்து நம் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். மலையேலத்தைக் கூவேலத்தில் விற்றுப் பிழைக்கும் ஊர் இது. இப்போது மூன்றாவதாகப் பட்டமும் ஏலத்துக்கு வந்திருக்கின்றது. கைப்பேசியைத் திறந்தால் போதும்: 'வீட்டிலிருந்தே பட்டம்', 'தேர்வுக்கு வர வேண்டியதில்லை', 'இன்று கட்டினால் பாதிக் கட்டணம்' என்ற கூவல் காதைத் துளைக்கின்றது.

யாரை நோக்கி அந்தக் கூவல்? கருக்கலில் எழுந்து, முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் கூலி வண்டியில் நெருக்கியடித்துச் செல்கின்ற தாய்மார் இவ்வூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் நிறைந்திருக்கின்றனர். குனிந்த முதுகு நிமிராமல் காயெடுத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றவர்கள். அவர்களின் ஒரே கனவு, தம் மகனோ மகளோ இந்த வண்டியில் ஏறக் கூடாது என்பதுதான். அந்த வீட்டில் பட்டம் பெறும் முதற் பிள்ளை அவன். எது மெய்ப்பட்டம், எது பொய்ப்பட்டம் என்று சொல்ல அவ்வீட்டில் முன்னர்ப் படித்தவர் எவரும் இலர். அடகு வைத்த நகையும் வட்டிக்கு வாங்கிய பணமும் சேர்ந்து முகவரின் கணக்குக்குப் போகின்றன. மூன்றாண்டு கழித்து வேலைக்குச் சென்ற இடத்தில், சான்றிதழைச் சரிபார்த்த அலுவலர் அதைத் திருப்பி நீட்டுகின்றார். பணம் போனதைவிடக் கொடியது அந்த மூன்றாண்டு போனது. இருபது அகவை மீண்டும் வருமா?

பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு?

பட்டம் வழங்கும் உரிமை கடை திறக்கும் உரிமையைப் போன்றதன்று. 1956-ஆம் ஆண்டு, மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேராமற் போன அதே ஆண்டு, பல்கலைக்கழக நல்கைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. யு.ஜி.சி. என்று மாணவர் வழங்குவது இந்த நல்கைக்குழுவைத்தான். அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கின்றது: நடுவண் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியுரிமை பெற்ற நிறுவனம் ஆகியவையே பட்டம் வழங்கலாம். வேறெவரும் வழங்கலாகாது. 23-ஆம் பிரிவு, அவ்வாறு நிறுவப்படாத எதுவும் தன் பெயரோடு 'பல்கலைக்கழகம்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வதையே தடுக்கின்றது.

மீறினால் என்ன தண்டம்? 24-ஆம் பிரிவு விதித்தது ஆயிரம் உருபா வரை! 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் ஏழைப் பெண்ணுக்குத் திங்கள்தோறும் வழங்க அறிவிக்கப்பட்ட தொகையும் ஆயிரம் உருபாதான். ஒரு பெண்ணின் ஒரு திங்கள் உதவித்தொகையைத் தூக்கிப் போட்டால் போலிப் பல்கலைக்கழகக்காரனின் தண்டம் தீர்ந்துவிடும்! ஏமாற்றுக்கும் பொய்யாவணத்துக்கும் குற்றவியல் சட்டப்படி தனி வழக்குத் தொடரலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஏமாந்தவர் வாய் திறக்க வேண்டும். மானத்துக்கு அஞ்சி நம் மக்கள் வாய் திறப்பதில்லை.

போலியின் மூன்று முகங்கள்

முதல் முகம், சட்டமே இல்லாத பல்கலைக்கழகம். இவற்றின் பட்டியலை நல்கைக்குழு அவ்வப்போது வெளியிடுகின்றது. 2023-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் வெளியிட்ட பட்டியலில் 20 பெயர்கள் இருந்தன. அவற்றுள் 8 நாட்டின் தலைநகரான தில்லியில்! அரசின் கண்ணெதிரிலேயே இந்தக் கூத்து. நம் பக்கத்திலும் உண்டு. திருச்சிப் புத்தூர் முகவரியிட்ட டி.டி.பி. சமற்கிருதப் பல்கலைக்கழகம் என்பது அப்பட்டியலில் பல்லாண்டு இடம்பெற்றிருந்தது. புதுச்சேரி வழுதாவூர்ச் சாலை முகவரியோடு சிறீ போதி உயர்கல்விக் கழகம் என்ற பெயரும் இடம்பெற்றது. பெயர்களைப் பாருங்கள்! ஒன்றுக்கு வடமொழிப் பூச்சு. வேறு பலவற்றுக்கு ஆங்கிலப் பூச்சு. இன்னும் சிலவற்றுக்கு உலகப் பேரவைகளின் பெயரே பூச்சு. தமிழன் எதைக் கண்டால் மயங்குவான் என்பதை ஏமாற்றுவோன் நன்றாக அறிந்திருக்கின்றான்.

இரண்டாம் முகம், சட்டத்தின் நிழலில் நின்றுகொண்டே தாளை விற்பது. சத்தீசுகர் மாநிலம் 2002-இல் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்றை இயற்றியது. சிறிது காலத்துக்குள் 112 பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இலர். பேராசிரியர் யசுபால் வழக்குத் தொடர்ந்தார். 2005-ஆம் ஆண்டு பிப்பிரவரி 11 அன்று உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் உரிய பிரிவுகளைச் செல்லாதவை என்று தள்ளியது, 112-உம் சரிந்தன. அங்கே சேர்ந்திருந்த மாணவர் வேறு பல்கலைக்கழகங்களின் வாயிலில் நிற்க வேண்டியதாயிற்று. இமாச்சலப் பிரதேசத்துச் சோலன் பகுதியில் 2009-இல் மாநிலச் சட்டப்படியே தோன்றியது மானவ் பாரதிப் பல்கலைக்கழகம். அது வழங்கிய ஏறத்தாழ 41,000 பட்டங்களில் 36,000 போலி என்பது 2020-க்குப் பிந்திய புலனாய்வில் வெளிவந்த செய்தி. ஆகவே பெயர் பட்டியலில் இருக்கின்றது என்பது மட்டும் போதாது. படிக்காமல், எழுதாமல் கிடைக்கும் பட்டம், எந்த முத்திரையோடு வந்தாலும் பொய்ப்பட்டமே.

மூன்றாம் முகம் நுட்பமானது. பல்கலைக்கழகம் மெய், படிப்புக்கு ஒப்புதல் இல்லை, அல்லது பட்டம் மெய், ஆனால் வேலைக்கு உதவாது. தொலைநிலைக் கல்விக்கும் இணையவழிக் கல்விக்கும் நல்கைக்குழுவின் ஒப்புதல், நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று தனித்தனியே கொடுக்கப்படுகின்றது. சென்ற ஆண்டு இருந்த ஒப்புதல் இவ்வாண்டு இல்லாமற் போகலாம். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியம், இயன்முறை மருத்துவம், சட்டம், வேளாண்மை ஆகியவற்றை இணையவழியில் பட்டப்படிப்பாக நடத்தலாகாது. முனைவர்ப் பட்டத்தையும் அவ்வழியில் வழங்கலாகாது. 'வீட்டிலிருந்தே செவிலியர் ஆகலாம்' என்று மலையூர்ப் பெண்களிடம் பணம் கறப்போர் சொல்வது முழுப்பொய். ஊசி போடுவதைக் கைப்பேசியில் கற்க முடியுமா?

வேலைக்கு உதவாமை என்பதும் சிறு செய்தியன்று. பள்ளிப்படிப்பை முடிக்காமலே திறந்தநிலை வழியில் பட்டம் பெறலாம் என்று ஒரு காலத்தில் பலர் சேர்ந்தனர். அடிப்படைப் பட்டம் இல்லாமற் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகத்து 18 அன்று தமிழ்நாடு அரசு 107-ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற ஒழுங்கில் வராத பட்டம் அரசு வேலைக்கு ஏற்கப்படாது என்பது அவ்வாணையின் சாரம். முகவர் எவரும் இதைச் சொல்லிச் சேர்ப்பதில்லை. பணம் கட்டும்போது சட்டம் தெரியாதிருப்பது குற்றமன்று. ஆனால் இழப்பு கட்டியவனுக்கே.

கடல் கடந்த கள்ளம்

அயல்நாட்டுப் பெயர் என்றால் ஐயமே வேண்டா என்று கருதுவோர் உளர். பாக்கித்தானத்துக் கராச்சியில் ஆக்சாக்ட் என்ற நிறுவனம் இருந்தது. 2015-ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க்கு டைம்சு இதழ் அதன் கதையை வெளிப்படுத்தியது. 370-க்கும் குறையாத வலைத்தளங்கள்; அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சாயலில் பெயர்கள்; பேராசிரியர் என்று காட்டப்பட்டோர் கூலிக்கு நடித்தவர்கள். கராச்சியில் தொலைபேசி முன் அமர்ந்தவர்கள் அமெரிக்க ஒலிப்பில் பேசி உலகெங்கும் பட்டம் விற்றனர். பல்கலைக்கழகம் என்று ஒரு செங்கல்லும் எங்கும் இல்லை.

அமெரிக்க மண்ணிலேயே நடந்ததும் உண்டு. கலிபோர்னியாவில் திரைவேலிப் பல்கலைக்கழகம் என்ற ஒன்றை 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அந்நாட்டு அதிகாரிகள் சோதனையிட்டு மூடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் அதன் பெயரால் நுழைவிசைவு பெற்றிருந்தனர். பெரும்பாலோர் இந்தியர், அவருள்ளும் ஆந்திர மாநிலத்தார் மிகுதி. சிலர் காலில் கண்காணிப்புக் கருவியைப் பூட்டினர். படிக்கச் சென்ற பிள்ளைகளுக்குக் காலில் விலங்கு! அதை நடத்திய பெண்மணி 2014-இல் பதினாறாண்டுச் சிறை பெற்றார். சிறை அவருக்கு, ஆயினும் அந்த மாணவர்களின் இழப்பை யார் ஈடு செய்தார்?

உள்நாட்டுக் கல்விக் குழுமங்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகோத்து இணையவழிப் பட்டம் தருவதாகச் செய்யும் விளம்பரங்கள் ஏற்கத்தக்கன அல்ல என்று நல்கைக்குழு 2023-ஆம் ஆண்டு திசம்பரில் எச்சரித்தது. பத்து நாளில் எம்.பி.ஏ. என்ற விளம்பரம் பரவியபோது, 2024-ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதையும் கண்டித்து எச்சரித்தது. மேலாண்மை முதுகலைப் பட்டம் பத்து நாளிலா? ஏலச்செடி நட்டு முதற் காய் காண இரண்டு மூன்று ஆண்டு ஆகும். நிழல் பார்க்க வேண்டும். ஈரம் பார்க்க வேண்டும். களை எடுக்க வேண்டும். பறித்த பச்சைக் காய் ஐந்து கிலோவை உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். இதை அறிந்த போடிக்காரரிடம் ஒருவன் வந்து 'நேற்று நட்டேன், இன்று பறித்தேன்' என்றால் நம்புவாரா? கல்வியிலே மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடம் இவ்வூரில் உள்ளது. அங்கே வணிகர் விலை கேட்குமுன் மாற்றுக் காயைக் கையில் எடுப்பார், பருமன் பார்ப்பார், நிறம் பார்ப்பார், உடைத்து உள்ளிருக்கும் அரிசி கறுத்து நிறைந்திருக்கின்றதா என்று பார்ப்பார், பிறகே விலை. ஏலக்காய்க்கு இத்தனை ஆய்வு! பிள்ளையின் வாழ்வுக்கு ஒன்றும் இல்லை! வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். தெரிவது முதலில், தெளிவது பின்னர். நாம் தெளிந்த பிறகே தெரிந்துகொள்கின்றோம்.

பெயருக்கு முன் ஒட்டும் பட்டம்

வேலைக்காக ஏமாறுவோன் ஏழை. பெருமைக்காக ஏமாறுவோரும் உளர். 2023-ஆம் ஆண்டு பிப்பிரவரி 26 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கில் தனியார் அமைப்பொன்று விழா எடுத்து, திரையுலகினர் உள்ளிட்ட பலருக்கு மதிப்புறு முனைவர்ப் பட்டம் வழங்கியது. அந்தப் பட்டத்துக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்துக் காவல்துறையில் முறையிட்டது. வாடகைக்கு எடுத்த மேடை பல்கலைக்கழகத்துடையது, பட்டமோ பல்கலைக்கழகத்துடையதன்று. பட்டம் வழங்கும் உரிமை இல்லாத சங்கமோ அறக்கட்டளையோ மதிப்புறு முனைவர்ப் பட்டமும் வழங்க முடியாது. இதை அறியாமல் பெயருக்கு முன் 'முனைவர்' என்று அச்சடித்துக்கொள்வோர் நம் தமிழமைப்புகளிலும் இருக்கலாம். அவர்கள் அதை இன்றே நீக்கிவிடுதல் தமிழுக்குச் செய்யும் தொண்டு.

தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலையடிகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்? தந்தையார் மறைவால் பள்ளிப்படிப்பே நின்றது. நாகையில் நூல்வணிகம் செய்த நாராயணசாமியாரிடம் தமிழ் கற்றார். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். பட்டம் இல்லை; பாடம் இருந்தது. பாண்டித்துரையார் 1901-இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கம் தேர்வு நடத்திப் பண்டிதர்ப் பட்டம் வழங்கியது. அத்தேர்வு கடுமையானது என்பதாலேயே அப்பட்டத்துக்கு மதிப்பு வந்தது. தேர்வு பட்டத்தைத் தாங்கியது, தாள் தாங்கவில்லை.

ஆயினும் இதைக் கேட்டு, பட்டமே வேண்டா என்று எந்த ஏழைப்பிள்ளையும் முடிவு செய்துவிடக் கூடாது. அடிகள் காலம் வேறு. இன்று பட்டம் இல்லாதவனுக்கு விண்ணப்பத் தாளும் கிடைப்பதில்லை. மெய்ப்பட்டம் வேண்டும், அதை மெய்வழியில் பெற வேண்டும். அதற்கு வழியும் அடைபட்டுவிடவில்லை. ஏலத்தோட்ட உரிமையாளர் சங்கம் எழுப்பிய கல்லூரி இவ்வூரிலேயே இருக்கின்றது. 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரியும் இங்கே இருக்கின்றது. வேலை பார்த்துக்கொண்டே படிப்போர்க்கு 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உள்ளன. தொலைநிலைக் கல்வி இழிவன்று. இணையவழிக் கல்வியும் இழிவன்று. கல்வியின் பெயரால் நடக்கும் கள்ளமே இழிவு.

சேருமுன் பார்க்க வேண்டியவை

ஒன்று: பல்கலைக்கழகத்தின் பெயர் நல்கைக்குழுவின் பட்டியலில் உள்ளதா, போலிப் பட்டியலில் இல்லையா என்று அதன் வலைத்தளத்தில் பார்க்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் ஐயுற வேண்டும்.

இரண்டு: தொலைநிலை, இணையவழிப் படிப்பாயின், அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு, தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் ஒப்புதல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர்ச் சேர்க்கை முதல், இவ்வழியில் சேரும் மாணவர் அப்பணியகத் தளத்தில் தமக்கென ஓர் அடையாள எண்ணைப் பெறுதல் கட்டாயமாக்கப்பட்டது. 'அந்த எண் தேவையில்லை' என்று சொல்லும் முகவரை வாயிலோடு அனுப்பிவிட வேண்டும்.

மூன்று: இடைத்தரகர் வழியாக, கிளை உரிமை விற்று, பட்டப்படிப்பு நடத்துவதை விதிகள் ஏற்பதில்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகச் செல்ல வேண்டும்; தனியாள் கணக்குக்கு ஒரு காசும் செல்லக் கூடாது; பற்றுச்சீட்டு பெறாமல் கட்டக் கூடாது.

நான்கு: அயல்நாட்டுப் பட்டமாயின், அதற்கு இந்நாட்டில் இணைமதிப்பு உண்டா என்பதைச் சேருமுன்பே அறிய வேண்டும். 2025-ஆம் ஆண்டு ஏப்பிரலில் இதற்கெனத் தனி விதிகளை நல்கைக்குழு அறிவித்தது.

ஐந்து: ஏமாந்துவிட்டால் ஒளிக்கக் கூடாது. பற்றுச்சீட்டு, குறுஞ்செய்தி, விளம்பரம் அனைத்தையும் காத்துவைத்துக் காவல்துறையில் முறையிட வேண்டும். இணையவழிப் பண ஏமாற்றுக்கு 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். காலந்தாழ்த்தினால் பணம் கைமாறிவிடும்.

தமிழில் சொல்லுங்கள்!

இத்தனை எச்சரிக்கை விடுத்தும் மக்கள் ஏன் ஏமாறுகின்றனர்? நல்கைக்குழுவின் அறிவிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன, இந்தியில் வருகின்றன. ஏமாற்றுவோனின் விளம்பரமோ நல்ல தமிழில், தேன் ஒழுக வருகின்றது! பொய் தாய்மொழியில் வந்து கதவைத் தட்டுகின்றது. மெய் அயன்மொழியில் தில்லியில் உறங்குகின்றது. காயெடுக்கும் தாய் எதைப் படிப்பாள்? எச்சரிக்கை அவளுக்கு எட்டாத மொழியில் இருந்தால், அது விடுத்தும் விடுக்காததே.

மொழியுரிமை என்பது மேடையில் முழங்குவோர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு தாயின் நகை அடகுக்குப் போகாமல் காப்பதும் மொழியுரிமையே. எனவே மூன்று கோரிக்கைகள். போலிப் பல்கலைக்கழகப் பட்டியலையும், ஒப்புதல் பெற்ற தொலைநிலைப் படிப்புகளின் பட்டியலையும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருமுன் ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும், ஊராட்சி அலுவலகத்திலும், நியாயவிலைக் கடையிலும் அதை ஒட்ட வேண்டும். ஆயிரம் உருபாத் தண்டத்தோடு தப்ப முடியாதபடி, ஏமாந்தவர்க்கு முழுப் பணமும் மீளும்படி சட்டம் இறுக வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இக்கூட்டத்துக்கு வந்திருக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அப்பட்டியலைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தம் பள்ளிச் சுவரில் ஒட்டலாம். கல்லூரியில் படிக்கும் இளைஞர், பிள்ளையைச் சேர்க்கப்போகும் பக்கத்து வீட்டாருக்காகக் கால்மணி நேரம் செலவிட்டு, அந்தப் படிப்பின் ஒப்புதலைத் தம் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லலாம். கூலி வண்டி புறப்படும் இடத்தில் நின்று, தாய்மாரிடம் ஒரு சொல் சொல்லலாம்: 'பணம் கட்டுமுன் எங்களைக் கேளுங்கள்' என்று. போடியில் தொடங்குவோம்; குரங்கணி வரை, போடிமெட்டு வரை கொண்டுசெல்வோம்.

பதரை நெல்லென்று விற்போன் ஊரைவிட்டு ஓடட்டும்! ஏழைத் தமிழ்ப்பிள்ளையின் கையில் மெய்ப்பட்டம் ஏறட்டும்! தமிழ் வெல்க!